கொதித்துப்போன 121: எஞ்சினைத் திறந்து செய்வதா, வேறொன்று வாங்கிப் போடுவதா?

09.03.2025, இரவு 10.40

கொரோலா 121, 2003ஆம் ஆண்டு, 1என்.இசட். எஞ்சின், ஓட்டம் 2 இலட்சத்து 18 ஆயிரம் கிலோமீற்றர். நேற்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வழியில் முந்தலுக்கும் சிலாபத்துக்கும் இடையில் கொதித்து நின்றுவிட்டது. இன்று மத்தியானம் இழுவை வாகனத்தில் ஏற்றி, கிருலப்பனையில் நாங்கள் வழக்கமாகப் போகும் கராஜில் கொண்டுவந்து விட்டோம். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி குறுக்காக வெடித்திருக்கிறது. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தால் பால் தேநீர் நிறத்தில் வருகிறது. தண்ணீர் ஒயிலோடு கலந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி இதுதான். எஞ்சினைத் திறந்து பழுது பார்ப்பதா, பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதா?

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன்: மாற்றிவிடுவதே சரி. ஒருமுறை கொதித்த அலுமினிய எஞ்சின் மறுபடி நம்பிக்கைக்கு உரியதாகாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். திறந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வரும்; மாற்றினால் ஒரே தொகை, ஒரே வேதனை. காரை விற்றுவிடு என்று யாரும் எழுத வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைச் சென்ற மாதம்தான் திறந்திருக்கிறார்கள். இருபது வருடப் பழைய காருக்கும் பல பத்து இலட்சங்கள் கேட்கிறார்கள். அம்மாவின் முழங்கால் பஸ் படி ஏறாது. வெள்ளவத்தையிலிருந்து கிளினிக்குக்கு மாதம் இரண்டு முறை போயாக வேண்டும். இந்தக் கார் எங்களுக்கு வேண்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

10.03.2025, காலை 6.15

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் ஆலோசனை கேட்பது நியாயமில்லை.

கார் கொதித்த உடனே நான் நிறுத்தவில்லை. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக எடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோதே முள் தானாகக் கீழே இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இருட்டு, அம்மா பின் இருக்கையில் தூக்கம், தெருவில் ஒரு விளக்கும் இல்லை. இன்னும் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓட்டினேன். பிறகுதான் இழுவை குறைந்து, டக் டக் என்று அடித்து, எஞ்சின் நின்றது.

முள் இறங்கியதற்குக் காரணத்தைக் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், சொன்னபோது நெஞ்சு பதறியது. வெப்பத்தை அளக்கும் சென்சர் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியான அளவு காட்டும். தண்ணீர் வெளியேறி அது வெற்றிடத்தில், ஆவியில் நின்றால் முள் விழும். சூடு தணிந்ததால் முள் இறங்கவில்லை, அளக்கத் தண்ணீர் இல்லாததால் இறங்கியது. இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள்: ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். இருட்டானாலும் நிறுத்துங்கள்.

12.03.2025, இரவு 9.05

கொட்டாஞ்சேனை மாமா வந்து பார்த்தார். நாற்பது வருடம் லொறி ஓட்டிய மனிதர். அவருடைய தீர்ப்பு என்னுடையதற்கு நேர் எதிர்: "ஊர் தெரியாத எஞ்சினை விலை கொடுத்து வாங்குவாயா? உன் எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று உனக்குத் தெரியும். அதைப் பார்."

அவர் தம் பழைய கொரோலா 110ஐ உதாரணம் காட்டினார். அதில் 5ஏ எஞ்சின். பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை தள்ளியபோது லேத்தில், அதாவது கடைசல் பட்டறையில், கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து, 0.50 பெரிய பிஸ்டன் போட்டு, அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஓடினார். உண்மைதான், நானே அதில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

ஆனால் 5ஏயின் புளொக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி, வார்ப்பிரும்பு. 1என்.இசட்.டின் புளொக் அலுமினியம். உள்ளே மெல்லிய இரும்புச் சட்டைகளை வைத்தே வார்த்திருக்கிறார்கள். கடைவதற்கு அதில் தடிப்பு மிகக் குறைவு. மாமாவின் வழி மாமாவின் எஞ்சினுக்குச் சரி. என்னுடையதில் சிலிண்டர் சுவர் கெட்டிருந்தால் கதை முடிந்தது. ஆகவே மாற்றுவது என்ற என் நிலையில் மாற்றமில்லை.

13.03.2025

மெதின் போயா, பௌர்ணமி விடுமுறை. எல்லாம் பூட்டு.

15.03.2025, மாலை 5.30

காலை முழுவதும் பஞ்சிகாவத்தை. கொழும்பில் இருந்துகொண்டு அந்தத் தெருக்களுக்குள் எஞ்சின் தேடி இறங்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். நடைபாதை விளிம்பு வரை கியர்பொக்ஸ், கதவு, விளக்கு, ஒயில் வடியும் எஞ்சின். ஒரு கடையில் தேநீர்க் கோப்பையை வைக்கவும் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைத்தான் மேசையாகப் பயன்படுத்துகிறார்கள். விற்பவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுகிறார்கள். பொய் பேசுகிறவர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லமாட்டேன். மூன்று கடைக்காரர்கள் நான் கேட்காமலே குறைகளைக் காட்டினார்கள்.

முதலில் தெளிய வேண்டியது ஒரு சொல். "ரீகண்டிஷன் எஞ்சின்" என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ அதைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, புதுப்பித்து வைத்திருக்கிறார்கள் என்று மனம் நம்பிவிடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜப்பானில் ஓடிய காரிலிருந்து இறக்கிய எஞ்சின், அவ்வளவுதான். ஓடிய தூரம் காட்டும் மீற்றர் காரோடு போய்விடும், எஞ்சினோடு வராது. "எண்பதாயிரம் ஓடியது" என்று சொன்னவரிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது பொறி பெரியது. ஒரு கடையில் மற்ற இடங்களைவிட 60 ஆயிரம் குறைவாக 1என்.இசட். ஒன்று இருந்தது. தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். என்னோடு வந்த பாஸின் உதவியாள் குனிந்து புளொக்கில் பொறித்திருந்ததைத் துடைத்துப் படித்தான்: 1என்.இசட்-எஃப்.எக்ஸ்.ஈ. அது பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களின் எஞ்சின். அதன் வால்வுத் திறப்பும் அமுக்க விகிதமும் வேறு. என் காருக்கு உரியது 1என்.இசட்-எஃப்.ஈ. ஒரே ஓர் எழுத்து. ஆனால் அந்த எழுத்தைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் கார் கராஜை விட்டு வந்திருக்காது. சரியான எஃப்.ஈ. என்றாலும் விற்ஸ், புரோபொக்ஸ், அலியன் என்று எந்தக் காரிலிருந்து இறங்கியது என்பதைப் பொறுத்து ஒயில் தொட்டி, தாங்கிகள், காற்றுக் குழாய் மாறும். பிந்திய சிலவற்றில் காற்றை உள்ளே விடும் த்ரொட்டிலுக்குக் கேபிள் இல்லை, மின்சாரத்தால் இயங்குவது. அவற்றையெல்லாம் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

சரியான எஞ்சினுக்கு எனக்குச் சொன்ன விலை 3 இலட்சத்து 40 ஆயிரம். ஓடவிட்டுக் காட்ட முடியாது. பூட்டிப் பார்த்து ஏழு நாளுக்குள் குறை சொன்னால் மாற்றித் தருவார்கள். பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் கூலி என்னுடையது.

16.03.2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ஜப்பானில் குறிப்பிட்ட தூரம் ஓடியதும் எஞ்சினைக் கழற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாகவும், ஆகவே வருவதெல்லாம் நல்லவைதான் என்றும் எழுதியிருக்கிறார். நானும் சிறு வயதிலிருந்து கேட்ட கதை. அது சரியல்ல. அங்கே இருப்பது ஷாகென் என்னும் கட்டாயப் பரிசோதனை. புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் நடக்கும். அந்தப் பரிசோதனையும் அதற்கு முன்பான பழுதுபார்ப்பும் செலவு மிக்கவை என்பதால் பலர் காரைக் கைவிடுகிறார்கள். கைவிட்ட கார்களில் நன்றாகப் பேணியவையும் உண்டு, ஒயிலே மாற்றாமல் ஓட்டியவையும் உண்டு. எது நம் கைக்கு வரும் என்பதை ஒயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புக் களிம்பு இருக்கிறதா என்று பார்த்தும், பிளக் துளை வழியாகச் சிறு கமராவை இறக்கிச் சுவரைப் பார்த்தும்தான் ஓரளவு அறியலாம்.

18.03.2025, இரவு 11.20

எஞ்சினை மாற்றுவது கராஜோடு முடியும் வேலை என்று எண்ணியிருந்தேன். இல்லை. எஞ்சின் இலக்கம் புளொக்கில் பொறித்திருக்கிறது. அதே இலக்கம் பதிவுச் சான்றிதழிலும் இருக்கிறது. புளொக் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றிப் பதிய வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டும், இறக்குமதி செய்ததற்கான சுங்கப் பத்திரம் வேண்டும், வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கார் லீசிங்கில் இருந்தால் முற்று உரிமையாளராகப் பதிந்திருக்கும் நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

சுங்கப் பத்திரத்தின் பிரதி தர முடியுமா என்று 3 இலட்சத்து 40 ஆயிரம் சொன்ன கடையில் தொலைபேசியில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். பத்திரம் இல்லாத எஞ்சினைப் போட்டு, இலக்கத்தை மாற்றாமல் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் பொனட்டைத் திறந்து இலக்கத்தை ஒப்பிடும் நாளில் அந்தத் துணிச்சல் உதவாது. விற்கும் நாளிலும் உதவாது.

சிலிண்டர் ஹெட்டை மட்டும் மாற்றினால் இலக்கம் மாறாது. இதை அப்போது கேட்டு வைத்துக்கொண்டேன்.

20.03.2025, இரவு 8.45

இவ்வளவு நாள் நான் செய்த பிழை என்னவென்று இன்று தெரிந்தது. எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று ஓர் அளவுகூட எடுக்காமல் செய்வதா, மாற்றுவதா என்று பத்து நாள் வாதாடியிருக்கிறேன்.

பாஸ் இன்று கம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தார். நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, த்ரொட்டிலை முழுவதும் திறந்து வைத்து, நிறை மின்கலத்தோடு சுழற்றினார். எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டிய அளவு இது, ஆனால் எங்களால் ஓடவிட முடியாது. ஆகவே எண்ணின் உயரத்தைவிட நான்கிற்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள் என்றார்.

முதலாவது 160. இரண்டாவது 85. மூன்றாவது 80. நான்காவது 158. எல்லாம் பி.எஸ்.ஐ.

பிறகு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறும். ஏறவில்லை: 90, 84. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து விழுந்து, ஒயில் விட்டும் ஏறாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் ஹெட் கெஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலான தகடு, எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். ஓரத்து இரண்டும் 158, 160 காட்டுகின்றன. 2 இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அது கௌரவமான எண்.

நான் 9ஆம் திகதி எழுதியதை மறுபடி படித்தேன். "மறுபடி நம்பிக்கைக்கு உரியதாகாது" என்று எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

21.03.2025

திறக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் நிபந்தனையோடு: சிலிண்டர் சுவரில் கீறல் இருந்தாலோ சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் கெட்டிருந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அதுவரையிலான கூலி மட்டும். பாஸ் ஒப்புக்கொண்டார். இந்த எல்லையைத் தொடங்குமுன் பேசிக்கொள்ளாதவர்கள்தான் "இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் கொஞ்சம்" என்று உள்ளே இழுபடுகிறார்கள். என் சிறியதந்தை ஒருவர் ஒரு வேனில் அப்படித்தான் இழுபட்டார். இறுதியில் வேன் விலையைவிடப் பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தது.

24.03.2025, இரவு 9.30

இன்று விடுமுறை எடுத்துக்கொண்டு கராஜில் நின்றேன். ஹெட் கழன்றது. கெஸ்கட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் கருகி அறுந்திருந்தது. கம்பிரஷன் மானி பொய் சொல்லவில்லை.

பிறகு நான் பயந்துகொண்டிருந்த பகுதி. பாஸ் சிலிண்டர்களைத் துணியால் துடைத்து விளக்குப் பிடித்தார். தொழிற்சாலையில் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள் நான்கிலும் தெரிந்தன. ஒயில் படலம் தங்குவதற்காகப் போட்ட கோடுகள் அவை. பிஸ்டன் சூட்டில் உப்பிச் சுவரை உரசியிருந்தால் அவை அழிந்து நெடுங்கோடுகள் விழுந்திருக்கும். விழவில்லை. அந்த 6 கிலோமீற்றரை நினைத்து நான் பதினைந்து நாள் சரியாகத் தூங்கவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குக் குறுக்குக் கோடு என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் என் குரலைப் புரிந்துகொண்டார்.

அடியில் ஒயில் தொட்டியையும் கழற்றச் சொன்னேன். பாஸ் அது தேவையில்லை என்றார், நான் விடவில்லை. கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், கலந்த ஒயிலோடு 6 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, பால் நிற ஒயில் பெயரிங்கைக் காப்பாற்றாது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ஒரு கொனெக்டிங் ரொட்டின் மூடியைக் கழற்றிப் பெயரிங்கைப் பார்த்தோம். சாம்பல் நிறம் மாறாமல் இருந்தது, அடியிலுள்ள செம்பு வெளியே தெரியவில்லை. இந்த ஒரு மணித்தியால வேலையைத் தவிர்த்திருந்தால் இன்றைக்கும் நெஞ்சில் ஒரு சந்தேகம் கிடந்திருக்கும்.

நேர்விளிம்புக் கம்பியை ஹெட்டின் மேல் வைத்து இடைவெளியை அளந்தார்கள். அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீற்றர். எங்களுடையது 0.12. புளொக்கின் மேற்பரப்பு மட்டமாக இருக்கிறது. நாளை ஹெட் லேத்துக்குப் போகிறது.

25.03.2025

வேலை தொடர்பில்லாத ஒன்று. காரின் கையுறைப் பெட்டியை ஒழித்தபோது அப்பாவின் கொப்பி கிடைத்தது. 2009இலிருந்து 2017 வரை ஒவ்வோர் ஒயில் மாற்றமும் நீலப் பேனாவில், திகதியும் கிலோமீற்றரும் லீற்றரும். ஒரு பக்கத்தின் ஓரத்தில் "ரேடியேட்டர் தொட்டி நிறம் மாறுகிறது, கவனிக்க" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அவருக்குப் பிறகு காரைப் பார்த்தவன் நான். கறுப்பாக இருக்க வேண்டிய அந்தப் பிளாஸ்டிக் எப்போது பழுப்பானது என்று எனக்குத் தெரியாது. ஒரு சேவை நிலையத்தில் இரண்டு வருடமாகக் கூலன்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நான் கேட்டதே இல்லை.

27.03.2025, மாலை 6.50

லேத்திலிருந்து செய்தி நல்லதில்லை. ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு வைத்தபோது மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவில் மயிரளவு வெடிப்பு, அதன் வழியே குமிழி வருகிறது. சமன் செய்வதில் பயனில்லை. ஒட்டலாம் என்றார் அங்கிருந்தவர். அலுமினியத்தை ஒட்டி, இருக்கையை மறுபடி கடைந்து, அது நிற்குமா என்று கேட்டேன். "நிற்கலாம்" என்றார். அவர் நேர்மையாகச் சொன்னார், அதற்கு நன்றி.

இன்றிரவு மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிட்டேன். மாமாவிடம் சொன்னபோது "நான் சொன்னதை மறந்துவிடு, வேறு எஞ்சின் போடு" என்கிறார். இரண்டு வாரத்தில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டோம் என்று அம்மா சிரித்தார்.

28.03.2025, இரவு 10.10

மாற்றவில்லை. நேற்று எழுதியபோது மனம் சோர்ந்திருந்தது. இன்று காகிதத்தில் பிரித்து எழுதிப் பார்த்தேன். கெட்டது ஹெட் மட்டும். புளொக், பிஸ்டன், கிராங்க், பெயரிங் எல்லாம் கண்ணால் பார்த்து நல்லவை என்று தெரிந்தவை. தெரிந்த நல்லதைத் தூக்கிப் போட்டுவிட்டு எதற்காகத் தெரியாத ஒன்றை வாங்க வேண்டும்?

பஞ்சிகாவத்தையில் எஃப்.ஈ. ஹெட் ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கெம் தண்டுகளோடு, 65 ஆயிரம். காசு கொடுக்குமுன் அதையும் அதே லேத்தில் அழுத்தச் சோதனைக்கு வைப்பது என்று பேசிக்கொண்டேன், கடைக்காரர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன்.

ஹெட் மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கெம் தண்டைப் பிடித்திருக்கும் மூடிகள் அந்த ஹெட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை. பழைய ஹெட்டின் மூடி பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்துப் புதியதில் போடக்கூடாது. ஒவ்வொன்றிலும் உள்ள இலக்கமும் அம்புக்குறியும் பார்த்து, அதே இடத்தில், அதே திசையில்.

05.04.2025

பூட்டி முடிந்தது. ஹெட் போல்ட் பத்தும் புதியவை. முதலில் முறுக்குவிசை மானியால் ஒரே அளவுக்கு, பிறகு ஒவ்வொன்றும் 90 பாகை, மறுபடி 90 பாகை, நடுவிலிருந்து வெளிநோக்கிய ஒழுங்கில். அந்தத் திருப்பத்தில் போல்ட் இழுபட்டு நீளும். ஆகவே பழையதை மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம். புளொக்கின் அலுமினிய மரை ஏதாவது பிடியாமல் வழுக்குமோ என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தும் பிடித்தன.

செலவு: ஹெட் 65,000. சோதனையும் சமன் செய்ததும் 14,000. கெஸ்கட் தொகுதி 28,000. போல்ட் 9,500. ரேடியேட்டர் 26,000. தேர்மோஸ்டாட்டும் மூடியும் 8,000. கூலன்டும் ஒயிலும் 32,000 (பால் நிறம் முழுவதும் போகட்டும் என்று ஒயிலும் ஒயில் வடிகட்டியும் இரண்டு முறை மாற்றியதால்). கூலி 45,000. மொத்தம் 2,27,500 ரூபாய். இழுவை வாகனம் தனி.

முதல் நாள் என் மனக்கணக்கு எங்கே பிழைத்தது என்றும் இதில் தெரிகிறது. 3 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு எஞ்சின் வாங்கியிருந்தாலும் ரேடியேட்டரும் தேர்மோஸ்டாட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கொதித்ததற்குக் காரணம் அவைதாம். பூட்டும் கூலி, கூலன்ட், ஒயில், இலக்கம் மாற்றும் அலைச்சல் எல்லாம் அதன்மேல். நான் கணக்கிட்டபோது 4 இலட்சத்தைத் தாண்டியது. வெடித்த ரேடியேட்டரை ஒட்டிவிட்டு நல்ல எஞ்சினைப் போட்டவர்கள் இரண்டாவது எஞ்சினையும் கொதிக்க வைத்ததைப் பாஸ் இரண்டு முறை பார்த்திருக்கிறாராம்.

13.04.2025

நாளை புதுவருடம். அம்மாவை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் பம்பலப்பிட்டி வரை போய், கதிரேசன் கோயில் வாசலில் நிறுத்தி, திரும்பி வந்தேன். முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது. பத்து செக்கனுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

11.06.2025, இரவு 9.15

கொலன்னாவை வாசகர் ஒருவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். மழையில் முழங்கால் தண்ணீருக்குள் ஓட்டி, கார் நின்றுவிட்டதாம். இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தாராம். இப்போது ஒரு பக்கம் தட்டும் சத்தம். "நீங்கள் சொன்னபடி ஹெட்டை மட்டும் மாற்றிப் பார்க்கவா?" என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். நான் எழுதியது கொதித்த எஞ்சினைப் பற்றி. உங்களுடைய பாதிப்பு வேறு. காற்று வடிகட்டி வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் மேலே வரும்போது அது அமுங்காது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனின் விசைக்கு ஏதாவது ஒன்று இடம்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் வளைவது கொனெக்டிங் ரொட். அது கொஞ்சம் வளைந்தாலும் எஞ்சின் ஓடும். பிஸ்டன் முன்போல் உச்சிக்கு வராததால் அந்தச் சிலிண்டரில் மட்டும் கம்பிரஷன் குறைந்து காட்டும். பிறகு ஒருநாள் வளைந்த ரொட் முறிந்து புளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த மறுநாளே அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தவர்களின் கார்கள் கராஜ்களில் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது: இனிமேல் சாவியைத் திருப்ப வேண்டாம். மின்கலத்தைக் கழற்றுங்கள். பிளக் நான்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். பிஸ்டன் நான்கும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று பிளக் துளை வழியே அளக்கச் சொல்லுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் ரொட் வளைந்திருக்கிறது. தட்டும் சத்தம் ஏற்கெனவே இருப்பதால் உங்கள் விடயத்தில் நான் முதல் நாள் சொன்னதுதான் பொருந்தும்: பத்திரத்தோடு வேறு எஞ்சின். செலவழிக்குமுன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வெள்ளம் முதலிய இயற்கை அனர்த்தங்கள் அதில் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். எனக்கு நேர்ந்ததைப் போன்ற இயந்திரக் கோளாறுக்கு அவர்கள் தரமாட்டார்கள், வெள்ளத்துக்கு உரிய காப்பு எடுத்திருந்தால் தருவார்கள். பாதிப்பைப் படம் எடுத்து அறிவிக்காமல் எதையும் கழற்ற விடாதீர்கள்.

14.06.2025

கொலன்னாவைக்காரர் பதில் எழுதினார். நான்காவது பிஸ்டன் 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. காப்புறுதியில் வெள்ளம் இருக்கிறது. நிம்மதி.

24.08.2025, மாலை 4.00

ஹெட் மாற்றிய பிறகு 5,200 கிலோமீற்றர். சென்ற வாரம் அதே வழியில் யாழ்ப்பாணம் போய் வந்தோம். முந்தல் தாண்டியபோது அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. சிலாபம் வந்ததும் முறுக்கு வாங்கச் சொன்னார்.

ஒரு குறையையும் எழுத வேண்டும். 5,000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஒயில் குறைகிறது. முன்பு இவ்வளவு குறைந்ததில்லை. அந்தச் சூட்டில் ஒயில் ரிங் ஏதாவது இறுகியிருக்கலாம் என்கிறார் பாஸ். வாங்கிய ஹெட்டில் வால்வு சீல்களைப் புதிதாகப் போட்டதால் அங்கிருந்து வர வாய்ப்புக் குறைவு. ஹெட் கழன்று கிடந்தபோது பிஸ்டன்களையும் வெளியே எடுத்து ரிங் மாற்றியிருக்கலாமா? மாற்றியிருக்கலாம். அன்று குறுக்குக் கோடுகளைப் பார்த்த மகிழ்ச்சியில் அதைக் கேட்கவே தோன்றவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் அதற்கு ஆகும் மேலதிகச் செலவு பின்னொரு நாள் மறுபடி திறப்பதைவிட மிகக் குறைவு.

நேற்று எஞ்சின் சூடாக இருக்கும்போதே கம்பிரஷன் எடுத்தோம். கையேட்டின்படி இருக்க வேண்டியது 213, குறைந்தபட்சம் 156. எங்களுடையது 184, 180, 181, 183. அப்பாவின் கொப்பியில் அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் நான்கையும் எழுதி வைத்தேன். நீலப் பேனாதான்.